நள்ளிரவு பார்சலை நிறுத்துவது எப்படி

பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மாலை ஷிஃப்ட் முடிந்து வீடு சேர எனக்கு இரவு பன்னிரண்டரை ஆகிவிடும். படுத்தால் தூக்கம் வராது, கை தானாக போனுக்குப் போகும், எதையாவது ஆர்டர் போடும். போன தீபாவளிக்கு வீடு கழுவும்போது அம்மா என் கட்டிலுக்கடியிலிருந்து பதினான்கு பெட்டிகளை இழுத்துப் போட்டார். ஒன்பதை நான் பிரிக்கவே இல்லை. "பிரிக்காத பெட்டிக்கு எதுக்குய்யா காசு?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

உங்கள் கட்டிலுக்கடியிலும் இப்படி இருந்தால், உடனே அள்ளி வீசிவிடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாலு கட்டம் போடுங்கள். என்ன பொருள், எத்தனை வெள்ளி (ரிங்கிட்), எத்தனை மணிக்கு வாங்கியது, அன்றைக்கு என்ன நடந்தது. மணி, ஆர்டர் விவரத்திலேயே இருக்கும். நாலாவது கட்டத்துக்குத்தான் நேரம் பிடிக்கும். என் புத்தகத்தில் இப்படி இருக்கிறது: "கறுப்பு சப்பாத்து, 89 வெள்ளி, 1.47, சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் ஏசினார்." "ஹெட்போன், 129 வெள்ளி, 2.10, கூடப் படித்தவனின் நிச்சயதார்த்தப் படம்." பதினான்கில் பதினொன்று இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் வாங்கியவை. அந்தப் பக்கத்தை இரண்டு நாள் திறக்கவே கூச்சமாக இருந்தது.

அடுத்தது, ஷாப்பிங் ஆப். அதை அழித்துப் பயனில்லை. மூன்று முறை அழித்தேன், 11.11 மலிவு விற்பனை வருவதற்குள் மூன்று முறையும் திரும்ப ஏற்றிவிட்டேன். அதில் சேமித்து வைத்த அட்டை எண்ணை அழியுங்கள். என் அட்டை இப்போது சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குக் கீழே. ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே விளக்கைப் போட்டால் அம்மா எழுந்துவிடுவார். அதற்குப் பயந்தே பாதி ஆசை அடங்கிவிடுகிறது.

'இப்போது வாங்கு, பிறகு கட்டு' தவணைகளைக் கூட்டிப் பாருங்கள். இருபது முப்பதாகத் தெரிந்தது எனக்கு மாதம் 410 வெள்ளி வந்தது. சமாளிக்க முடியாவிட்டால் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. ஆலோசனைக்கு அங்கே காசு வாங்குவதில்லை.

இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் இந்த நோட்டுப் புத்தகம் போதாது. அரசாங்க கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள், ஒரு வெள்ளிதான். கேள்விகள் உள்ள ஒரு ஃபாரம் தருவார்கள், பரீட்சை மாதிரி சரியான விடை தேடாமல் உள்ளதை எழுதுங்கள். வெளியே போகவே தோன்றவில்லையா, போனிலேயே மனசுவிட்டுப் பேச ஹீல் லைன் 15555. சாக வேண்டும் போலிருந்தால் எந்த நேரமும் பிஃப்ரெண்டர்ஸ் உதவித் தொலைபேசி, 03-7627 2929. வாயைத் திறந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவையே 2023இல் எடுத்துவிட்டார்கள்.

வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று மோட்டுவளையைப் பார்த்து யோசித்ததில் எனக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம். நீங்கள் போகாவிட்டால் "எங்கே ஆளைக் காணோம்?" என்று யாராவது கேட்கிற இடமாகப் பாருங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் ஒரு தண்ணீர்ப்பந்தலில் அண்டா கழுவக் கூப்பிட்டார்கள், போனேன். விடியற்காலை நாலு மணிக்கு முழங்கை வரை சாம்பார் பிசுக்கு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவன் மத்தியானம்தான் எழுந்தேன். பந்தல் பிரித்த பிறகு அங்கிருந்த அண்ணன் போன் செய்தார், "சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தர ஆள் இல்லை, வர்றியா?"

ஏழு பிள்ளைகள். பின்னத்தில் எல்லாருமே தடுக்கி விழுகிறார்கள், நானும் இரண்டு இடத்தில் விழுந்தேன். அந்தக் கறுப்புச் சப்பாத்தை ஐந்தாம் படிவம் படிக்கிற ஒரு தம்பியிடம் கொடுத்தேன். ஒரு அளவு பெரிது. முன்னால் பேப்பர் திணித்துப் போட்டுக்கொண்டு வருகிறான்.