குன்று முதலில், குகை பிறகு: பிள்ளைகளோடு ஒரு காலை நடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கம்பார் வரை, கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக நிற்கின்றன. உங்கள் செம்பனை (எண்ணெய்ப் பனை)த் தோட்டத்தை ஒட்டி அப்படி ஒரு சிறு குன்றும் குகையும் இருந்தால், காலை 7.30க்குக் கிளம்பி வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். தன்னைத் தூக்கச் சொல்லாமல் பத்துமலையின் 272 படிகளையும் ஏறுகிற பிள்ளையைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம். அதைவிடச் சிறுசுகளுக்குக் கோப்பெங் பக்கம் உள்ள குவா தெம்புரோங் குகை போதும். அங்கே விளக்கும் நடைபாதையும் உண்டு.

முதல் வேலை அனுமதி. தோட்ட ஆபீசில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கேட்டில் ஜாகா (காவலாளி) தடுக்கமாட்டார். குன்று வனக் காப்பகத்துக்குள் இருந்தால் மாநில வனத்துறையின் அனுமதியும் வேண்டும். பக்கத்தில் கல் உடைக்கும் குவாரி ஓடுகிறதென்றால் அந்தக் குன்றையே மறந்துவிடுங்கள்.

பெரட்டும் (காலை ஆள் கணக்கெடுப்பு) குலை வெட்டும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைதான் நல்ல நாள். வெட்டு நடக்கிற நிரைக்குள் நுழையவே கூடாது. செம்பனைக் குலை ஒன்றே 20 கிலோ வரும், கூடவே முள் மட்டையும் விழும். வெட்டிய மட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். எலி அதில் குடியிருக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அதனால் பிள்ளைகள் மண் சாலையின் நடுவிலேயே நடக்கட்டும்.

காலுக்குக் கம்போங் அடிடாஸை மிஞ்ச ஒன்றுமில்லை. பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் அந்த ரப்பர் சப்பாத்து ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், கழுவினால் உடனே காயும். நீளக் காலுறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்து விட்டால் அட்டை உள்ளே போகாது. பெரியவருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிள்ளைக்கு முக்கால் லிட்டர். சாப்பாட்டைப் பையின் அடியில் வையுங்கள். கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் குரங்கு பறிக்க வரும்.

இனி தலைப்புக்கு வருவோம். பிள்ளைகள் குகைக்குத்தான் முதலில் ஓடுவார்கள், விட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கிற சேறும் வௌவால் எச்சமும் சப்பாத்தின் அடியில் அப்பிக்கொண்டால், அதற்குப் பிறகு சுண்ணாம்புப் பாறையில் கால் நிற்காது. மழைநீர் அரித்த பாறையின் விளிம்புகள் கத்திபோல இருக்கும். சறுக்கும்போது பிடிக்கிற கைதான் கிழியும். ஏறும்போது ஆளுக்கொரு தோட்டக் கையுறை போட்டுவிடுங்கள். இறங்கும்போது பெரியவர் ஒருவர் பிள்ளைக்குக் கீழே, முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி இறங்கட்டும். 10 மணிக்கு மேல் உச்சிப் பாறை சுட ஆரம்பிக்கும், அதற்குள் கீழே வந்துவிடவேண்டும்.

குகைக்குள் ஆளுக்கொரு தலைவிளக்கு, கூட ஒரு மாற்று விளக்கு. கைப்பேசி வெளிச்சத்தை நம்பினால் ஒரு கை அதற்கே போய்விடும், பிடிமானத்துக்குக் கை மிஞ்சாது. எச்சம் காய்ந்து தூசி பறக்கிற இடத்தில் நிற்காதீர்கள். அதிலுள்ள பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கும். முகக்கவசம் போட்டாலும் அங்கே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. முதல் நாள் பலத்த மழை என்றால், ஓடை ஓடும் குகைக்குள் போகவே வேண்டாம். உள்ளே தண்ணீர் ஏறுவது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. உள்ளே சாமி இருந்தால் சப்பாத்தைக் கழற்றும் இடம் தெரிந்திருக்கும். அங்கே மட்டும் கழற்றினால் போதும், மற்ற இடத்தில் வெறுங்கால் ஆகாது.

செங்குத்துப் பாறையின் அடியில் பாய் விரிக்காதீர்கள், நிழல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. 1973இல் ஈப்போ குனோங் செரோவில் பாறை சரிந்து சுமார் 40 பேர் மாண்டார்கள். சாப்பிடச் சற்றுத் தள்ளி, திறந்த இடமாகப் பாருங்கள்.

குகைக்குள் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 999. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, கீறல்களுக்கு மருந்து போடுங்கள். ஒரு மாதத்துக்குள் யாருக்காவது காய்ச்சலோ விடாத இருமலோ வந்தால், குகைக்குப் போனதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.