எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ: முன்பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

என் சித்தி மகனுக்கு 34 வயது. சென்னை ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டீம் லீட், ஆண்டுச் சம்பளம் 18 லட்சம். போன மாதம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் இரண்டு வருட வார இறுதி எம்பிஏ ஒன்றின் சேர்க்கைக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தான். கட்டணம் 20 லட்சம். "அண்ணா, சேரட்டுமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். ஒரு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை இது. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தோம். அன்று செய்ததை அப்படியே தருகிறேன்.

படி 1: எந்த வேலைக்காகப் படிக்கிறீர்கள்?

"மேனேஜ்மென்ட்டுக்குப் போகணும்" என்பது பதில் ஆகாது. பதவியின் பெயரை எழுதுங்கள். அவன் "புராடக்ட் மேனேஜர்" என்று எழுதினான். அப்புறம் லிங்க்ட்இன்னில், உங்கள் ஊரில், உங்கள் துறையில் அதே பதவியில் இருக்கும் 10 பேரைத் தேடுங்கள். அந்த வேலைக்கு வருவதற்கு முன் என்ன படித்திருந்தார்கள், எந்த வேலையில் இருந்தார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். "வருவதற்கு முன்" என்பது முக்கியம். பதவி கிடைத்த பிறகு எம்பிஏ படித்தவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

எங்கள் நோட்டில் 10 பேரில் 3 பேர்தான் எம்பிஏ முடித்து அந்த வேலைக்கு வந்தவர்கள். மூவருமே வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படித்தவர்கள். மற்ற 7 பேரும் இருந்த கம்பெனிக்குள்ளேயே டீம் மாறியவர்கள். தம்பி அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு எதையும் செய்ய நேரமில்லை என்றாலும் இந்த ஒரு படியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

படி 2: கிடைப்பது பட்டமா, சான்றிதழா?

ஐஐஎம் எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களுக்குப் பட்டம் கொடுக்கும் உரிமை வந்ததே, ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்த பிறகுதான். அதுவரை டிப்ளமோதான் கொடுத்தார்கள். ஆனால் பெரிய நிறுவனம் நடத்தும் எல்லாப் படிப்புக்கும் பட்டம் கிடைத்துவிடாது. சில மாதங்களில் முடியும் எக்ஸிகியூட்டிவ் படிப்புகளுக்குச் சான்றிதழ் மட்டும்தான், கட்டணத்துக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு. பிரவுச்சரில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, சான்றிதழில் என்ன அச்சாகும் என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

படி 3: கணக்கு

20 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 10 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 26,430 ரூபாய். மொத்தம் கட்டுவது 31.7 லட்சம். படிக்கும் காலத்தில் தவணை கட்டாமல் இருந்தால் அந்த வட்டியும் சேர்ந்து இது இன்னும் கூடும்.

அந்த 26,430 ரூபாய் வரி போக மிஞ்ச வேண்டும். வரியும் செஸ்ஸும் 26 சதவீதம் என்றால், சம்பளம் மாதம் கிட்டத்தட்ட 36,000, அதாவது ஆண்டுக்கு 4.3 லட்சம் உயர வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இந்த உயர்வை இன்றைய 18 லட்சத்தோடு கூட்டக் கூடாது. படிக்காமல் இருந்தாலும் வருடம் 8 சதவீத இன்கிரிமென்ட் வந்தால் இரண்டு வருடத்தில் 21 லட்சம் ஆகிவிடும். ஆக, படிப்பு முடிந்ததும் 25.3 லட்சம் கிடைத்தால்தான் தவணைக்குச் சரியாக இருக்கும். லாபம் என்பது அதற்கு மேல்தான்.

முழுநேர ஓராண்டுப் படிப்பு என்றால் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். அகமதாபாத் ஐஐஎம்மின் பிஜிபிஎக்ஸ் போன்றவற்றுக்குக் கட்டணமே 30 லட்சத்தைத் தாண்டும். ஒரு வருடச் சம்பளமும் கையில் வராது. இரண்டையும் கூட்டிவிட்டுப் பாருங்கள்.

பழைய வரி முறையில் இருப்பவர்கள் கல்விக் கடன் வட்டியை 8 ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். அசலுக்கு இந்தச் சலுகை கிடையாது. புதிய முறையில் வட்டிக்கும் கிடையாது.

படி 4: வேலைவாய்ப்பு அறிக்கையைப் படியுங்கள்

அதிகபட்சச் சம்பளத்தை விட்டுவிடுங்கள், இடைநிலைச் சம்பளத்தை (மீடியன், அதாவது எல்லாருடைய சம்பளத்தையும் வரிசையாக எழுதினால் நடுவில் வருவது) பாருங்கள். அதிலும் நிலையான சம்பளம் எவ்வளவு, போனஸ் வந்தால் மட்டும் கிடைப்பது எவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வார இறுதிப் படிப்புகளில் பெரும்பாலும் கேம்பஸ் வேலைவாய்ப்பே இருக்காது. முழுநேர மாணவர்களின் சம்பளத்தைக் காட்டி வார இறுதி வகுப்புக்கு ஆள் சேர்த்தால் கவனம் தேவை. கல்லூரி தரும் எண்களை விட்டுவிட்டு, நீங்களாகத் தேடிப் பிடித்த இரண்டு பழைய மாணவர்களிடம் போனில் பேசுங்கள். "மறுபடி சேர்வீர்களா?" என்ற ஒரு கேள்வி போதும்.

படி 5: கம்பெனியிடமும் வீட்டிலும் கேளுங்கள்

கம்பெனி கட்டணத்தில் பாதி தந்தாலும் கணக்கு தலைகீழாக மாறும். ஆனால் எத்தனை வருட பாண்ட் (அதுவரை வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்), நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில், இரண்டு வருடத்துக்குச் சனி ஞாயிறு நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்பதைக் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தம்பியின் மகளுக்கு நான்கு வயது, சனிக்கிழமை நீச்சல் வகுப்புக்கு அவன்தான் கூட்டிப் போகிறான்.

உங்கள் தடை ஹெச்ஆர் படிவத்தில் முதுகலை என்ற கட்டம் காலியாக இருப்பது மட்டும்தான் என்றால், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி பெற்ற தொலைநிலை எம்பிஏ இதில் சிறு பங்கு செலவில் முடிந்துவிடும்.

தம்பி முன்பணம் கட்டவில்லை. அந்த 7 பேரில் ஒருவர் அவன் கம்பெனியிலேயே மூன்றாவது மாடியில் இருந்தார். மறுநாள் மதியம் அவரோடு சாப்பிட்டுவிட்டு, புராடக்ட் டீமுக்கு மாறுவதற்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறான்.