பல் வரைபடத்தில் எண் குழப்பம்: என் அனுபவம்

இங்கிலாந்தில் பல் மருத்துவச் செவிலியர் பயிற்சியில் இருந்தபோது, அமெரிக்காவிலிருந்து குடிபெயர்ந்த ஒருவரின் பழைய பதிவில் ‘14, ஆக்லூசல்’ (பல்லின் மெல்லும் பரப்பு) என்று எழுதியிருந்த அடைப்பு, நாங்கள் வரைந்த வரைபடத்துடன் பொருந்தவில்லை. எஃப்டிஐ (உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு) எண்முறையில் 14 என்பது மேல் வலப்புற முதல் முன்கடைவாய்ப்பல். அவருக்கோ அந்தப் பல் பழுதின்றி இருந்தது, அடைப்பு மேல் இடப்புற முதல் கடைவாய்ப்பல்லில் காணப்பட்டது. அமெரிக்க யுனிவர்சல் முறையில், மேல் வலப்புற ஞானப்பல்லில் 1 எனத் தொடங்கி கீழ் வலப்புற ஞானப்பல்லில் 32 என முடியும் வரிசையில், அந்தப் பல்லின் எண்தான் 14.

அன்று முதல் வெளியிலிருந்து வரும் பதிவு ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் எண்முறையின் பெயரைக் குறித்து, பல்லை ‘மேல் இட ஆறு’ (மேல் இடப்புறத்தில் நடுக்கோட்டிலிருந்து ஆறாவது பல்) என்று சொல்லாலும் எழுதுகிறேன். வலம், இடம் என்பவை எப்போதும் நோயாளியுடையவை; அவரை எதிர்கொண்டு அமர்ந்திருப்பதால், அவரது வலப்புறம் வரைபடத்தில் நம் இடக்கைப் பக்கம் வரும்.

குழந்தைகளிடம் இன்னும் கவனம் தேவை. ஏறத்தாழ ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் (நிலைப்பல்) எந்தப் பால்பல்லையும் விழச்செய்யாமல் வரிசையின் பின்னால் வருவதால், பெற்றோர் பலர் அதையும் விழுந்துவிடும் பல் என்றே கருதுகிறார்கள். ஆகவே நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பல்லாக எண்ணி, பால்பல்லா நிலைப்பல்லா என்று மருத்துவரிடம் உரக்கக் கேட்டு உறுதிசெய்த பின்னரே குறிக்கிறேன்.