பழைய டர்போ கார்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், மிட்சுபிஷி இவோ, ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ போன்ற கார்களைத் தேடுகிறவர்கள் முதலில் சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும், காலக்கெடு உள்ள உரிமைச் சான்று) கணக்கைப் பாருங்கள். 5 ஆண்டுக்குப் புதுப்பித்த காரை மறுபடி புதுப்பிக்க முடியாது. அதில் 2 ஆண்டுதான் மிச்சம் என்றால் எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவு வீண். 10 ஆண்டுக்குப் புதுப்பித்த காருக்கு டைமிங் பெல்ட், ரேடியேட்டர், தேவையானால் டர்போகூட (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) மாற்றலாம். பலனை அனுபவிக்கக் காலம் இருக்கிறது. 10 வயது தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. சாலை வரியும் 10 விழுக்காடு கூடத் தொடங்கி, 14 வயதுக்கு மேல் 50 விழுக்காடு வரை போகும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் காரைப் பார்க்க வேண்டும். போனதும் பானட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். உலோகத் தட்டல், செயின் கடகடப்பு, புகை எல்லாம் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளிப்படும். சூடேறிய பிறகு ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, ஆக்சிலரேட்டரை ஒருமுறை அழுத்துங்கள். நீலப் புகை குப்பென்று வந்தால் டர்போ சீல் அல்லது வால்வு சீல் போயிருக்கலாம். இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எரிகிறது; அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

விக்கோம், எஸ்டிஏ நிலையங்களின் பரிசோதனை நல்லதுதான், ஆனால் டர்போ காருக்கு அது மட்டும் போதாது. கம்ப்ரஷன் டெஸ்ட்டும் (ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளப்பது) செய்யச் சொல்லுங்கள்: எஞ்சின் சூடாக, எல்லா பிளக்கும் கழற்றி, த்ராட்டில் முழுக்கத் திறந்து. சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பிறகு டர்போவுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி, டர்போ தண்டின் முனையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் சகஜம். முன்னும் பின்னும் ஆடினாலோ, டர்போவுக்குள் சுழலும் சக்கரம் அதன் கூட்டில் உரசியிருந்தாலோ டர்போவின் விலையைக் கார் விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஒவ்வொரு காருக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஐந்தாம் தலைமுறை ஜிடிஐயில் ஹை பிரஷர் பெட்ரோல் பம்புக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) நடுவே கிண்ணம் போன்ற சிறு பாகம், கேம் ஃபாலோவர், இருக்கிறது. மூன்று போல்ட்டைக் கழற்றினால் பம்ப் வெளியே வந்துவிடும். ஃபாலோவரின் தலை கறுப்பாக இருந்தால் நல்லது. நடுவில் வெள்ளி நிறம் தெரிந்தால் பூச்சு தேய்ந்துவிட்டது, அன்றே மாற்றுங்கள். ஓட்டை விழும்வரை விட்டால் கேம்ஷாஃப்ட்டும் பம்பும் சேர்ந்து போகும். 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைத் திறந்து பார்ப்பது அவசியம். பாகத்தின் விலையோ மிகக் குறைவு. அதே காரின் 6 கியர் டிஎஸ்ஜி ஆட்டோ கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்.

இவோவின் 4ஜி63 எஞ்சினில் இரண்டு பெல்ட். டைமிங் பெல்ட்டை மட்டும் மாற்றி, உள்ளே இருக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டை விட்டுவிடும் பட்டறைகள் உண்டு. அது அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினால் வால்வுகள் வளைந்துவிடும். ரசீதில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். சுபாருவின் 2.5 லிட்டர் எஞ்சினில் டர்போவுக்கு ஆயில் போகும் போல்ட்டுக்குள் சல்லடை போன்ற சின்ன ஃபில்டர் உண்டு. அது அடைத்தால் டர்போ ஆயிலின்றிச் சாகும்.

வாங்கியதும் பழைய உரிமையாளரின் பேச்சை நம்பாமல் ஆயில், கூலன்ட், பிளக், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். நம் வெயிலில் ரப்பர் வேக்குவம் குழாய்கள் இறுகி வெடிக்கும். சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் புகை அடித்துக் கசிவு பார்க்கும் பட்டறையில் ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். கூலன்ட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளே துரு பிடிக்கும்.

ஆயிலை 5,000 முதல் 7,000 கிலோமீட்டருக்குள், அல்லது ஆறு மாதத்தில் மாற்றுங்கள். முழு சிந்தெடிக் மட்டுமே. குறுகிய ஓட்டமும் நெரிசலும் ஆயிலில் பெட்ரோலைக் கலந்து நீர்க்கச் செய்யும். இரண்டு முறை பெட்ரோல் போடுவதற்குள் ஒருமுறையாவது டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் இன்னும் சூடேறியிருக்காது. மேலும் ஐந்து பத்து நிமிடம் 3,000 சுற்றுக்குக் கீழேயே ஓட்டுங்கள். வீடு சேரும் முன் கடைசி இரண்டு கிலோமீட்டர் மெதுவாக வந்தால் டர்போ ஆறிவிடும். சூட்டோடு அணைத்தால் உள்ளே நிற்கும் ஆயில் கருகிக் கரியாக ஒட்டும்.

ரீமேப் செய்த (சக்தியைக் கூட்ட எஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றிய) கார் என்றால் பழைய சாஃப்ட்வேரும் அசல் எக்ஸாஸ்ட்டும் கைக்கு வருமா என்று கேட்டபிறகே முன்பணம் கொடுங்கள். பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தம்) கூட்டிவிட்டு ஆக்டேன் குறைந்த பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் நாக் ஆகி (பெட்ரோல் கட்டுப்பாடின்றி எரிந்து) பிஸ்டன் உடையலாம். இந்தக் கார்களுக்கு 98 ஆக்டேன் பெட்ரோல் போடுவதே பத்திரம். ஜொகூரில் சிங்கப்பூர் கார்களுக்கு ரான்95 (95 ஆக்டேன்) விற்கக்கூடாது, பெரும்பாலும் ரான்97தான் கிடைக்கும். ரீமேப் 98க்காகச் செய்யப்பட்டிருந்தால் அங்கே காரை விரட்டாதீர்கள்.