பேட்டரி ஸ்ட்ராப்பிங் டூல் மக்கர் செய்கிறதா? முதலில் ஒட்டைப் பாருங்கள்

பேட்டரி ஸ்ட்ராப்பிங் டூல் என்பது சரக்கைச் சுற்றி ஸ்ட்ராப்பை, அதாவது பிளாஸ்டிக் பட்டையை, இறுக்கிக் கட்டி இரண்டு அடுக்கையும் ஒட்டவைக்கும் கைக்கருவி. அப்படி ஒட்டிய இடத்தைத்தான் ஒட்டு என்கிறோம். கட்டு நிற்கவில்லை என்றதும் கை நேராக செட்டிங் பட்டனுக்குத்தான் போகும். டென்ஷனை (இழுத்து இறுக்கும் விசையை) ஏற்றிப் பார்ப்போம், வெல்டிங் நேரத்தை ஏற்றிப் பார்ப்போம், அதுவும் சரிவராவிட்டால் பேட்டரியை மாற்றுவோம். அரை மணி நேரம் கழித்து, முதலில் எது கெட்டிருந்தது, நாம் எதைக் கெடுத்தோம் என்றே தெரியாது. புதிதாக இந்த டூலைக் கையில் எடுப்பவர்களிடம் நான் சொல்வது: பட்டனைத் தொடாதீர்கள். பிய்ந்துபோன ஸ்ட்ராப் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலான கோளாறுகளின் தடயம் அதிலேயே இருக்கும்.

டூலுக்குள் என்ன நடக்கிறது

ஸ்ட்ராப்பைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு அடுக்காக டூலுக்குள் நுழைக்கிறோம். கீழ் அடுக்கைப் பல் வைத்த கிரிப்பர் தகடு கவ்விக்கொள்ளும். மேல் அடுக்கை டென்ஷன் வீல் இழுக்கும். இறுக்கம் போதுமானதும் வெல்டிங் தகடு படுவேகமாக அதிர்ந்து மேல் அடுக்கைக் கீழ் அடுக்கின் மீது தேய்க்கும். அந்தத் தேய்ப்பில் வரும் சூட்டிலேயே இரண்டும் உருகி ஒட்டுகின்றன. உள்ளே ஹீட்டரும் இல்லை, பசையும் இல்லை. மீதி ஸ்ட்ராப்பைக் கட்டர் வெட்டிவிடும். ஒட்டு ஆறியதும் டூலை வெளியே எடுக்கிறோம்.

இழுப்பு, தேய்ப்பு, வெட்டு, ஆறுவது. இதில் எந்த இடத்தில் தடங்கல் என்று கண்டுபிடித்துவிட்டால், பார்க்க வேண்டிய பாகமும் தெரிந்துவிடும்.

தொடும் முன்

பேட்டரியைக் கழற்றுங்கள். விரல் டென்ஷன் வீல் பக்கம் போகிறது என்றால் பேட்டரி டூலில் இருக்கவே கூடாது. சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இறுக்கமாக இருக்கும் ஸ்ட்ராப்பை வெட்டினால் நுனி சாட்டை மாதிரி வீசும். 1000 நியூட்டன் டென்ஷன் என்றால் சுமார் 100 கிலோ எடையைத் தொங்கவிட்ட இழுப்பு அது. 2500 நியூட்டன் வரை இழுக்கும் டூல்களும் சாதாரணமாகப் புழக்கத்தில் உண்டு. வெட்டும்போது ஸ்ட்ராப்புக்கு நேராக முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

படி 1: ஸ்ட்ராப் சரியானதுதானா?

புது ரோல் மாட்டிய நாளில் தொல்லை ஆரம்பித்ததா? அப்படியானால் ரோலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அகலம், தடிமன் இரண்டையும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, டூலின் விவரத் தகட்டில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். 16 மி.மீ. ஸ்ட்ராப்புக்கு அமைத்த கைடில் (ஸ்ட்ராப்பை நேராக வைக்கும் தடத்தில்) 13 மி.மீ. ஸ்ட்ராப்பை விட்டால், அது பக்கவாட்டில் நகர்ந்து இரண்டு அடுக்கும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. ஒட்டு கோணலாக வரும், பாதி அகலத்தில் மட்டும் பிடிக்கும்.

அடுத்து, பிளாஸ்டிக்கின் வகை. பாலிப்ரொப்பிலீன் ஸ்ட்ராப் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பெட் (PET, பாலியெஸ்டர் வகை பிளாஸ்டிக்) ஸ்ட்ராப்புக்கு சுமார் 250 டிகிரி வேண்டும். ஒன்றுக்கு வைத்த வெல்டிங் நேரம் மற்றதற்குப் பொருந்தாமல் போவதற்கு இந்த வித்தியாசமே காரணம். ஸ்ட்ராப் மாறினால் செட்டிங்கும் மாற வேண்டும். இதை மறப்பதால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல.

படி 2: இழுக்கும்போது வழுக்கினால்

டென்ஷன் வீல் சுற்றும், ஸ்ட்ராப் நகராது, கீழே பிளாஸ்டிக் தூள் உதிரும். இது வீலின் பல்லிடுக்கில் பழைய தூள் அடைத்துக்கொண்டதன் அடையாளம். வழுக்க வழுக்கத் தூள் கூடும், தூள் கூடக் கூட இன்னும் வழுக்கும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, காற்று அடித்துத் தளர்ந்த தூளை வெளியேற்றுங்கள். பிறகு சின்ன பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் வீலின் பல்லையும் அதற்குக் கீழே இருக்கும் கிரிப்பர் தகட்டையும் தேயுங்கள். கிரிப்பரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வீல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கீழ் அடுக்கு பிடிபடாவிட்டால் இழுப்பு வராது. ஸ்க்ரூடிரைவரால் பல்லைச் சுரண்டாதீர்கள், முனை உடையும். எண்ணெய், கிரீஸ் எதுவும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

சுத்தம் செய்தபின் பல்லைக் கூர்ந்து பாருங்கள். நுனி மழுங்கிப் பளபளவென்று இருந்தால் தேய்ந்துவிட்டது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஈரமான ஸ்ட்ராப்பும் எண்ணெய் பட்ட ஸ்ட்ராப்பும்கூட வழுக்கும். ரோலைத் தரையில் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் அங்கிருந்தே சரிசெய்யுங்கள்.

படி 3: ஒட்டு பிய்ந்தால்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். கட்டு பிரிந்தால் சரக்கு சாய்ந்து ஆள்மேல் விழக்கூடியது.

நல்ல ஒட்டு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக வேண்டும். ஒரு சோதனைக் கட்டுப் போட்டு, ஆறவிட்டு, ஒட்டு இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். இரண்டு அடுக்கையும் கையால் பிரிக்க முயலுங்கள். சுலபமாக வரக் கூடாது. வந்துவிட்டால் உள்பரப்பைப் பாருங்கள்.

உள்ளே வழவழப்பாக, உருகாத இடம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் சூடு போதவில்லை. வெல்டிங் நேரத்தை ஒரே ஒரு படி ஏற்றி, மறுபடி சோதனைக் கட்டுப் போடுங்கள். உருகிய பிளாஸ்டிக் ஓரங்களில் நிறையப் பிதுங்கி, ஒட்டு மெலிந்து, வளைத்தால் முறிகிறதா? அது அதிகச் சூடு, ஒரு படி குறையுங்கள். ஒரு பக்கம் நன்றாக உருகி மறுபக்கம் வெறுமையாக இருந்தால் செட்டிங்கால் தீராது. ஸ்ட்ராப் கோணலாக நுழைந்திருக்கிறது, அல்லது வெல்டிங் தகடு தேய்ந்திருக்கிறது.

உருகல் அகலம் முழுக்கச் சீராக இருந்தும் பிரிகிறது என்றால் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். ஆறும் நேரம் முடிந்ததை விளக்கோ ஒலியோ சொல்லும். அதற்கு முன்பே நெம்புகோலைத் தூக்கினால் பாதி உருகிய நிலையிலேயே முழு இழுப்பும் ஒட்டின்மேல் விழுகிறது. வேலை குவிந்திருக்கும்போது இரண்டு நொடி நீளமாகத்தான் தெரியும். ஆனாலும் காத்திருங்கள்.

இன்னொன்று: எவ்வளவு நல்ல ஒட்டும் ஸ்ட்ராப்பின் முழு வலிமைக்கு வராது. அதனால் டென்ஷனை உச்சத்தில் வைத்துவிட்டு ஒட்டைக் குறை சொல்வது நியாயமில்லை.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் பழைய எண்ணைக் குறித்து வையுங்கள்.

படி 4: வெட்டாவிட்டால்

பாதி வெட்டி நார் நாராகத் தொங்கினால் கட்டர் மழுங்கியிருக்கிறது. மாற்றுங்கள், தீட்ட வேண்டாம். புது கட்டரும் வெட்டாவிட்டால் அதன் அடியில் தூள் கட்டியிருக்கும்.

படி 5: பேட்டரி

பேட்டரியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதன்மேல் அநியாயமாகப் பழி விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டூல் உயிரே இல்லாமல் கிடந்தால் முதலில் உலோகத் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். அடுத்து, நன்றாக வேலை செய்யும் வேறொரு பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். 18 வோல்ட் டூலில் 14.4 வோல்ட் பேட்டரியைத் திணிக்கக் கூடாது.

சும்மா ஓடுகிறது, இழுக்கும்போது மட்டும் நின்றுவிடுகிறது என்றால் சார்ஜ் குறைந்திருக்கலாம், பேட்டரிக்கு வயதாகியிருக்கலாம், டென்ஷன் வரம்பை மீறியிருக்கலாம். முழு சார்ஜ் போட்டு டென்ஷனைக் குறைத்துப் பார்த்தால் எது என்று தெரியும்.

தொடர்ந்து உழைத்துச் சூடேறிய பேட்டரியை சார்ஜர் ஏற்காமல் காத்திருக்க வைக்கும். அது பழுது இல்லை, ஆறவிடுங்கள். லித்தியம் அயான் பேட்டரியை உறைகுளிரில், அதாவது 0 டிகிரிக்குக் கீழே, சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரச் சேதம் வரும். உப்பியதோ விரிசல் விட்டதோ ஆன பேட்டரியை மறுபடி சார்ஜரில் வைக்காதீர்கள்.

டூல் கட்டிலேயே சிக்கிக்கொண்டால்

சுத்தியலால் தட்டி இழுக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றுங்கள், சரக்கு சாயாமல் தாங்கல் கொடுங்கள், ஒரு கையால் டூலைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ராப் கட்டரால் டூலுக்குத் தள்ளி ஸ்ட்ராப்பை வெட்டுங்கள். பிறகு நெம்புகோலைத் தூக்கினால் மிச்சத் துண்டு தானே வந்துவிடும்.

இத்தனையும் பார்த்தபிறகும் சரியாகவில்லை என்றால், அல்லது கருகல் வாடை வந்தால், உறையைத் திறக்காமல் சர்வீசுக்கு அனுப்புங்கள். பிய்ந்த ஒட்டு இரண்டு மூன்றை ஒரு கவரில் போட்டு, மேலே டென்ஷன் எண், வெல்டிங் எண், ஸ்ட்ராப் அளவு மூன்றையும் எழுதி டூலோடு சேர்த்தே கொடுங்கள். பழுது பார்ப்பவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.