பெயரைப் பச்சை குத்துமுன்

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் எழுத்துக்காகத்தான் வருகிறார்கள். அம்மா பெயர், பிள்ளை பெயர், ஓம் சரவணபவ, சில சமயம் ஆறு மாதம் கழித்து மறைத்துத் தரச் சொல்லி வரப்போகிற காதலியின் பெயர். சிங்கமும் டிராகனும் இன்ஸ்டாகிராமில் அதிகம், திருத்தணியில் குறைவு. அதனால் எழுத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஊர் 1960 மார்ச் வரை ஆந்திராவில் இருந்தது. இப்போதும் கொஞ்ச தூரம் போனால் நகரி, அப்புறம் புத்தூர். மாமியார் தெலுங்கில் திட்ட, மருமகள் தமிழில் பதில் சொல்கிற வீடுகள் இங்கே சாதாரணம். அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு டாட்டூ என்ற சொல்லே வராது. "அன்னா, பச்சபொட்டு எந்த?" என்றுதான் விலை கேட்பார்கள். புருஷன் பெயர் தெலுங்கில், பெண்டாட்டி பெயர் தமிழில், நடுவில் ஒரு வேல் என்று ஒரே கையில் இரண்டு லிபியும் குத்தியிருக்கிறேன்.

என் அப்பா போர்டு எழுதியவர். பஸ் பலகை, மளிகைக் கடை, கட்சிச் சுவர் என்று இரண்டு மொழியிலும் எழுதுவார். ஃப்ளெக்ஸ் வந்ததும் பிரஷ் காய்ந்துபோனது. பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். "ழ-வோட வயித்துல ஒரு எலுமிச்சம்பழம் போற அளவு இடம் விடணும்டா" என்பார். சுவர் எழுத்துக்குச் சொன்னது அது. தோலில் எழுத ஆரம்பித்த பிறகுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

தோலில் போன இங்க் குத்திய இடத்திலேயே கோடு போட்டாற்போல நின்றுவிடாது. ஊசி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் போய் உள்தோலில் இங்கை வைக்கிறது. அங்கே மேக்ரோஃபேஜ் என்கிற செல்கள் அதை விழுங்கிக்கொள்கின்றன. அந்தச் செல் செத்தால் இங்க் வெளியே வரும், பக்கத்தில் வந்த புதுச் செல் எடுத்து விழுங்கும். எலிகளை வைத்துச் செய்த பிரெஞ்சு ஆராய்ச்சி ஒன்று 2018-இல் இதைக் காட்டியது. எது எப்படியோ, வருஷம் போகப்போக எந்தக் கோடும் கொஞ்சம் தடிக்கும். கோடு தடித்தால் எழுத்தின் வயிறு சுருங்கும்.

2017-இல் ஒரு பெரியவருக்கு மணிக்கட்டின் உள்பக்கம் 'ஓம் சரவணபவ' குத்தினேன். எழுத்தின் உயரம் ஐந்து மில்லிமீட்டர்தான். அச்சடித்தது போல இருந்தது. போட்டோ எடுத்துப் போட்டேன், நிறைய லைக் வந்தது. மூன்று வருஷம் கழித்து மலைப்படியில் பார்த்தபோது கையை நீட்டினார். ண ஒரு கறுப்புப் பொட்டாகியிருந்தது. "தம்பி, முருகன் இருக்காரு, எழுத்தைத்தான் காணோம்" என்றார். தப்பு அவர் தோலில் இல்லை, நான் போட்ட அளவில்.

அன்றிலிருந்து வருகிற எல்லோருக்கும் ஒரு வேலை கொடுக்கிறேன். நீங்களும் வீட்டிலேயே செய்து பாருங்கள். பெயரை உங்களுக்கு ஆசைப்பட்ட அளவில் மெல்லிய ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். அதன் மேலேயே இரண்டு மடங்கு தடித்த மார்க்கரால் இன்னொரு முறை போங்கள். பத்து வருஷம் கழித்து உங்கள் கை ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். இப்போது அந்தப் பெயரே தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் அளவைக் கூட்டுங்கள். முன்கையில் தமிழ் எழுத்தென்றால் பன்னிரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழே நான் போவதில்லை. சுழிக்குள் குறைந்தது இரண்டு மில்லிமீட்டர் வெறும் தோல் தெரிய வேண்டும்.

ட, ப, ம, ய எல்லாம் நல்ல பிள்ளைகள், சின்னதாக எழுதினாலும் தாங்கும். தொல்லை கொடுப்பவை ண, ஞ, இ, ஜ, ழி. உங்கள் வீட்டுப் பெயரில் இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் மணிக்கட்டை மறந்துவிட்டு முன்கைக்கோ தோளுக்கோ வாருங்கள். புள்ளியையும் அலட்சியப்படுத்தக் கூடாது. கோட்டின் தடிமனைப்போல இரண்டு மடங்கு பெரிதாகப் புள்ளி வைத்து, எழுத்துக்கும் அதற்கும் நடுவே நல்ல இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒட்டினால் புள்ளி எழுத்தோடு கலந்து கொம்பு மாதிரி ஆகிவிடும்.

தெலுங்கு கேட்பவர்களுக்கு: எழுத்தின் தலையில் வரும் தலகட்டும், அடியில் தொங்கும் ஒத்தும்தான் முதலில் குழம்பும். வ-வுக்கும் ம-வுக்கும் வலது பக்கத்துக் கொக்கி ஒன்றுதான் வித்தியாசம், அது அடைத்துக்கொண்டால் பெயரே மாறிவிடும். தெலுங்கை நான் தமிழைவிட ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் எழுதுகிறேன்.

இங்கேதான் பையன்கள் போனை நீட்டுவார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிற டாக்டர் வூ என்கிற டாட்டூ ஆர்ட்டிஸ்ட் மாதிரி ஒற்றை ஊசியில் முடி போலக் கோடு வேண்டும் என்பார்கள். அவர் கை சுத்தமான கை, சந்தேகமே இல்லை. அந்த ஒற்றை ஊசி வேலைக்கு மூலம் சிறையில் கிடார் கம்பியை வைத்துக் குத்திய மெக்சிகன் அமெரிக்கர்கள். 1975-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் 'குட் டைம் சார்லீஸ்' என்கிற கடையில் அது தொழிலாக உருவெடுத்தது. ஆனால் ஒன்று கவனியுங்கள். நீங்கள் காட்டுகிற படம் பெரும்பாலும் குத்திய அன்றைக்கே எடுத்தது. இரண்டாவது, அதில் இருப்பது இங்கிலீஷ் எழுத்து. I, L, T எல்லாம் வெறும் குச்சிகள், தடித்தாலும் குச்சியாகவே இருக்கும். நம் எழுத்து வயிறும் சுழியும். அதே ஊசி, அதே அளவு, முடிவு வேறு. ஆறின பிறகு எடுத்த படம் இருக்கிறதா என்று எந்த ஆர்ட்டிஸ்டிடமும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் யோசியுங்கள்.

அடுத்தது, யாருடைய கையெழுத்து? போனில் இருக்கிற ஃபான்ட்டை எடுத்து வருவது சுலபம், ஆனால் அது கல்யாணப் பத்திரிகை மாதிரித்தான் இருக்கும். அதைவிட மோசம், சில டிசைன் சாஃப்ட்வேரில் தமிழை ஒட்டினால் எழுத்து உடையும். 'கொ' என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு க-வுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். போட்டோஷாப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும், தமிழ் படிக்கத் தெரியாத ஆர்ட்டிஸ்டுக்கு அது உடைந்திருப்பதே தெரியாது. வேறொரு ஊரில் அப்படிக் குத்திக்கொண்டு, ஒரு பையன் என்னிடம் சரிசெய்ய வந்தான். கொம்பை மயிலிறகாக மாற்றினேன், வேறு வழி இல்லை. குத்துமுன் டிசைனைத் தோலில் பதிக்கிற ஸ்டென்சிலை ஒட்டியதும் கண்ணாடியில் பார்க்காதீர்கள், போட்டோ எடுத்து எழுத்தெழுத்தாக வாய்விட்டு வாசியுங்கள்.

எனக்குப் பிடித்த வேலை கையெழுத்தை எடுத்துக் குத்துவது. போன வருஷம் திருப்பதியில் நர்ஸாக இருக்கிற ஒரு பெண் பழைய இன்லண்ட் கடிதம் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தாள். 1974-இல் தாத்தா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையிலிருந்து பாட்டிக்கு எழுதியது. மேலே ஒரு பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே 'முருகன் துணை'. "அண்ணா, இதுல இருக்கற ணை தப்பா இருக்கு, சரிபண்ணிக் குத்திடுங்க" என்றாள். அது தப்பில்லை. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் ணை, லை எல்லாம் யானை தும்பிக்கையைத் தூக்கினது போலத்தான் இருக்கும். "இதுதாம்மா உங்க தாத்தா காலத்து எழுத்து" என்று சொன்னதும் கடிதத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த மாதிரி வேலைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: பகல் வெளிச்சத்தில், கடிதத்துக்கு நேர் மேலே போனை வைத்துப் படமெடுங்கள். சாய்த்து எடுத்தால் எழுத்தும் சாயும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். முடிந்தால் கடிதத்தையே எடுத்து வாருங்கள். கீழே ஜெராக்ஸ் கடையில் ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, அதன் மேல் டிரேசிங் பேப்பர் வைத்துக் கையால்தான் எடுப்பேன். எது பேனாவின் வேலை, எது காகிதத்தின் வேலை என்று பிரிக்க வேண்டும். மடிப்பில் இங்க் ஊறிப் பரவியது காகிதத்தின் வேலை, அதை விட்டுவிடலாம். துணை-யின் முடிவில் தாத்தா நிப்பை அழுத்தியதால் ஒரு சொட்டு விழுந்திருந்தது. அது அவர் கை. அதை அப்படியே வைத்தேன். மு-வும் ரு-வும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன, அந்த இடத்தை மட்டும் ஒரு மில்லிமீட்டர் விலக்கினேன். கம்ப்யூட்டரில் போட்டுக் கோட்டை வழவழப்பாக்கியிருந்தால் அது யாருடைய எழுத்தாகவும் இருக்காது.

கடிதத்தில் இருப்பது போல நீல இங்க் வேண்டும் என்றாள். நம் நிறத்துத் தோலில் வெளிர் நிறங்கள் சீக்கிரம் மங்கும், வெள்ளை மஞ்சளாகத் தெரியும், நீலம் பழசானால் ஏதோ காயம் மாதிரி ஆகும் என்பது என் அனுபவம். கறுப்புதான் குத்தினேன். கோடு போடுகிற ஐந்து ஊசி லைனரில் ஒரு முறை, நிப் அழுத்திய இடங்களில் மட்டும் இரண்டாம் முறை. முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. டிரேஸ் எடுக்க மூன்று மணி நேரம்.

வீட்டிலேயே டிசைன் இருக்கும், தேடிப் பாருங்கள். எங்கள் ஆயாவின் முன்கையில் ஒரு கோலம் இருந்தது, பச்சை குத்த வந்த குறவர் அம்மா ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்தியது. மணிப்பூரைச் சேர்ந்த மோ நாகா என்கிற ஆர்ட்டிஸ்ட், நாகா கிராமங்களில் பெரியவர்களிடம் பழைய வடிவங்களைக் கேட்டுச் சேகரித்து, அதிலிருந்து புதிதாக வரைகிறார். பிலிப்பைன்ஸில் வாங்-ஓட் அம்மா முள்ளும் கரியும் வைத்துத் தட்டித் தட்டிக் குத்துகிறார். 2023-இல் 106 வயதில் வோக் பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. நம் ஆயாக்களின் கையை யாரும் அட்டையில் போடவில்லை. நான் என் ஆயாவின் கோலத்தைப் போட்டோ எடுத்து வைக்காமல் விட்டேன், இப்போது ஞாபகத்திலிருந்துதான் வரைகிறேன்.

இடம். பெர்லினில் பெயரெடுத்த ஹைம் மக்லேவ் என்கிற ஆர்ட்டிஸ்டின் வேலைகளைப் பாருங்கள், தோளிலிருந்து இடுப்பு வரை கோடுகள் உடம்பின் வளைவோடு ஓடும். அவரிடமிருந்து நமக்கு ஆகிற பாடம் எளியது: உடம்பு தட்டையான சுவர் இல்லை. உள்ளங்கை மேலே பார்க்க வைத்து முன்கையில் நேராக எழுதிவிட்டு, கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள், வரி முறுக்கிக்கொள்ளும். அதனால் எழுந்து நின்று, கை சும்மா தொங்கும்போது ஸ்டென்சில் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு முறை அழித்து ஒட்டினாலும் தப்பில்லை, கூச்சப்படாதீர்கள். தலைகீழாக, தனக்கு வாசிக்கிற மாதிரி வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். எதிரே நிற்பவருக்கு நேராக இருப்பதுதான் வழக்கம். உங்கள் கை, உங்கள் இஷ்டம்.

ராணுவத்துக்கு முயற்சி செய்கிற தம்பிகள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்கையின் உள்பக்கம், முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை, அப்புறம் புறங்கை, பொதுவாக இந்த இரண்டு இடத்தில்தான் அனுமதி. கழுத்தில் வேல் குத்திக்கொண்டு செலக்‌ஷனுக்குப் போய்த் திரும்பி வந்த பையன்களை எனக்குத் தெரியும். பதினெட்டு ஆகாதவர்களுக்கு நான் குத்துவதில்லை, அம்மாவைக் கூட்டி வந்தாலும்.

சுத்தம் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊசி உறையை உங்கள் கண் முன்னால் கிழிக்க வேண்டும். இங்கை சின்ன மூடியில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்ட வேண்டும். நடுவில் போனைத் தொட்டால் கிளவுஸ் மாற்ற வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் எழுந்து வந்துவிடுங்கள், பணம் போனால் போகட்டும். குத்தின பிறகு ஒரு வருஷம் ரத்த தானம் கொடுக்க முடியாது, அதையும் கணக்கில் வையுங்கள். தழும்பு மேடாக வளர்கிற உடம்பென்றால் குத்தாமல் இருப்பது நல்லது.

சொன்னால் சிரிப்பீர்கள், இந்த மெஷினின் மூதாதை ஒரு ஜெராக்ஸ் கருவி. கடிதங்களை நகலெடுக்க எடிசன் 1875-இல் ஒரு மின்சாரப் பேனா செய்தார், ஊசி மேலும் கீழும் ஓடிக் காகிதத்தில் ஓட்டை போடும். அதன் அடிப்படையில்தான் சாமுவேல் ஓ'ரெய்லி 1891-இல் பச்சை குத்தும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொன்னேன். "அப்போ வாடகைய நீ கூடக் குடு" என்றார்.

குத்தின பிறகு ஆறுகிற இரண்டு மூன்று வாரம்தான் பலர் கோட்டை விடுகிற இடம். ஒரு நாளைக்கு இரண்டு முறை மணம் இல்லாத சோப்பால் கழுவி, தட்டித் துடைத்து, ஆயின்ட்மென்டை மெல்லிசாக, மினுக்கம் தெரிகிற அளவுக்கு மட்டும் தடவுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். பொருக்கு தானே உதிரும், பிய்த்தால் அந்த இடத்து இங்கும் சேர்ந்து வரும். கிணறு, குளம், நீச்சல் குளம் மூன்று வாரம் கழித்து. நகரி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கம் தறியில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று: பஞ்சுத் தூசி ஆயின்ட்மென்டில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாலு நாள் வேலை நேரத்தில் ஒட்டும் ஃபிலிமைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சனிக்கிழமை சாயந்திரம் வந்து ஞாயிறு லீவையும் சேர்த்துப் பிடியுங்கள். சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால் எனக்கு வாட்ஸ்அப் அனுப்பாமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

ஆறு வாரம் கழித்துக் கையைக் காட்ட வாருங்கள். எங்காவது புள்ளி விட்டிருந்தால் குத்தித் தருகிறேன், அதற்குக் காசு கிடையாது. ஆடிக் கிருத்திகை அன்று மட்டும் வராதீர்கள். காவடிக் கூட்டம் மாடிப்படி வரை நிற்கும், நானும் கடையை மூடிவிட்டு மலைக்குப் போயிருப்பேன்.