வொர்த்லெஸ், யூஸ்லெஸ், வேஸ்ட்: ஆங்கிலத்தில் ஒன்றை மட்டம் தட்டும்போது செய்யும் தவறுகள்

பணி ஓய்வு பெறும் தலைமையாசிரியருக்கு ஆங்கிலத்தில் வாழ்த்து மடல் தயாராகிறது. 'உங்கள் சேவை விலைமதிப்பற்றது' என்று எழுத வேண்டும். விலைமதிப்புக்கு வேல்யூ, அற்றதற்கு லெஸ் என்று கூட்டி 'யுவர் சர்வீஸ் இஸ் வேல்யூலெஸ்' என்று எழுதிவிட்டால், மடலைக் கேட்கும் ஆங்கிலம் அறிந்தவர் திடுக்கிடுவார். 'உங்கள் சேவைக்குக் காலணா மதிப்பும் கிடையாது' என்பதுதான் அதன் பொருள்.

இந்தக் குழப்பத்துக்கு நியாயமான காரணம் உண்டு. தமிழிலேயே 'மதிப்பற்ற' என்றால் வசை, 'விலைமதிப்பற்ற' என்றால் புகழ்ச்சி. ஆங்கிலத்திலும் அதே கதைதான். வேல்யூலெஸ், வொர்த்லெஸ் இரண்டும் மதிப்பே இல்லாதவை. பிரைஸ்லெஸ் மட்டும் விலை சொல்ல முடியாத அளவுக்கு உயர்ந்தது. இன்வேல்யுவபிள் இன்னும் ஏமாற்றும். இன்கரெக்ட், இன்விசிபிள் போலத் தொடங்குவதால் 'மதிப்பில்லாத' என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். 'மதிப்பிட்டு முடியாத' என்பதே சரி. உதவி, ஆலோசனை, அனுபவம் ஆகியவற்றுக்கு இன்வேல்யுவபிள் பொருந்தும். ஓவியம், நகை, நினைவுகளுக்குப் பிரைஸ்லெஸ் இயல்பாக வரும். தலைமையாசிரியரின் சேவைக்கு இன்வேல்யுவபிள் என்று எழுதுங்கள். பேச்சில் பிரைஸ்லெஸ் என்பதற்கு 'சிரித்து மாளாது' என்ற பொருளும் உண்டு. உங்கள் முகபாவத்தைப் பார்த்து யாராவது அப்படிச் சொன்னால், அது அழகுக்கான பாராட்டு அல்ல.

அடுத்த தவறு யூஸ்லெஸையும் வொர்த்லெஸையும் ஒன்றாக நினைப்பது. பேட்டரி தீர்ந்த டார்ச் லைட் மின்வெட்டு நேரத்தில் யூஸ்லெஸ். ஆனால் வொர்த்லெஸ் அல்ல. பேட்டரி மாற்றினால் எரியும், விற்றால் பணம் வரும். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 நவம்பர் 8 நள்ளிரவோடு அவை செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. மாற்றிக்கொள்ளும் கெடுவும் முடிந்த பிறகு பீரோவின் அடியில் கண்டெடுத்த நோட்டு பணம் என்ற வகையில் வொர்த்லெஸ். தாளும் அச்சும் அப்படியே இருக்கின்றன. மதிப்பு மட்டும் போய்விட்டது. பயன் இல்லாதது ஒன்று, மதிப்பு இல்லாதது வேறொன்று.

மனிதர்களிடம் வரும்போது இந்த வேறுபாடு வலிக்கும் அளவுக்குப் பெரிதாகிறது. பிரிட்டனில் ஒருவர் 'ஐ ஆம் யூஸ்லெஸ் அட் குக்கிங்' என்றால், எனக்குச் சமையல் வராது என்று சாதாரணமாகச் சொல்கிறார், அவ்வளவே. (அங்கே 'அட்' வர வேண்டும், 'இன் குக்கிங்' என்று எழுதுவது நம் பழக்கம்.) வொர்த்லெஸ் அப்படிப்பட்ட சொல் அல்ல. அது ஒருவருடைய திறமையை விட்டுவிட்டு அவரையே தாக்குகிறது. தான் வொர்த்லெஸ் என்ற உணர்வை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. வீட்டில் 'உதவாக்கரை' என்று பிள்ளையைச் செல்லக் கோபத்தோடு திட்டுகிற பெற்றோர் அதை ஆங்கிலத்தில் வொர்த்லெஸ் என்று சொல்லவே கூடாது. உதவாக்கரையில் இருக்கும் உரிமையும் கோபமும் அதில் வராது. குட் ஃபார் நத்திங் ஓரளவு நெருங்கும், அதுவும் வசைதான். பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கு எழுதும்போது 'படிப்பில் அக்கறை குறைந்திருக்கிறது' என்று செயலைச் சொல்லும் வாக்கியமே போதும்.

இதோடு ஒட்டி வருவது ஃபெலோ. 'யூஸ்லெஸ் ஃபெலோ', 'வேஸ்ட் ஃபெலோ' என்கிறபோது நம் காதில் அது 'பயல்'. ஆங்கிலேயருக்கு அது கொஞ்சம் பழைய காலத்துச் சாதாரணச் சொல். கல்வி உலகில் பெருமையே. 1918-இல் கணித மேதை ராமானுஜன் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் ஃபெலோவாக, அதாவது உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வேஸ்ட் என்பதை நாம் தமிழாகவே ஆக்கிக்கொண்டோம். 'அந்தப் படம் வேஸ்ட்' என்று தமிழில் பேசுவதில் தவறில்லை. அதையே 'தி மூவி இஸ் வேஸ்ட்' என்று எழுதினால், படம் கழிவுப்பொருள் என்பதுபோல ஒலிக்கும். 'எ வேஸ்ட் ஆஃப் டைம்', 'எ வேஸ்ட் ஆஃப் மணி' என்று எது வீணானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போய்ப் பயனில்லை என்பதற்கு 'இட்ஸ் நோ யூஸ் கோயிங்' சரி. 'நோ யூஸ் டு கோ' என்பதைவிட இதுவே எழுத்துக்கு ஏற்றது. வொர்த் வினைச்சொல் அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். 'இட் டஸ் நாட் வொர்த்' தவறு, 'இட் இஸ் நாட் வொர்த் இட்' சரி. 'வொர்த் டு சீ' அல்ல, 'வொர்த் சீயிங்'.

விருது ஏற்புரையில் 'இதற்கு நான் தகுதியற்றவன்' என்று பணிவாகச் சொல்ல நினைப்பவருக்கு உரிய சொல் அன்வொர்தி. வொர்த்லெஸ் என்றால் சபை சங்கடப்படும்.

நாடு மாறினால் சொல்லும் மாறும். பிரிட்டனில் 'ரப்பிஷ்' என்று ஒற்றைச் சொல்லாகச் சொன்னால் 'நீ சொல்வது அபத்தம்' என்று பொருள். அமெரிக்காவில் குப்பைக்கு டிராஷ், கார்பேஜ். மனிதரை டிராஷ் என்பது அங்கே சாதாரணத் திட்டு அல்ல. ஏழை வெள்ளையரை இழிவுபடுத்தும் வசை ஒன்று அந்தச் சொல்லைக் கொண்டது. சீப் என்று நாம் ஒருவரைச் சொன்னால் அற்பபுத்திக்காரர் என்று நினைக்கிறோம். அமெரிக்கர் அதைக் கஞ்சர் என்றே புரிந்துகொள்வார்.

மட்டமான என்று பொருள்படும் ஷாடி (shoddy) என்பதை ஆள்மீது ஏற்றாமல் வேலைமீது ஏற்றுவது நல்லது. அதன் பிறப்பை அறிந்தால் பயன்பாடு தானாக விளங்கும். 1813 வாக்கில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள பேட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளிக் கந்தல்களைப் பிரித்து, புதுக் கம்பளியோடு கலந்து நூற்றுத் துணி செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். அந்தத் துணியின் பெயர்தான் ஷாடி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவ ஒப்பந்தக்காரர்கள் மட்டமான ஷாடியில் சீருடை தைத்துக் கொடுத்தார்கள். அவை சீக்கிரமே இற்று விழுந்தன. அதன் பிறகு வெளியே பளபளத்து உள்ளே மட்டமான எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் நிலைத்தது. புதுச் சாலை முதல் மழையிலேயே பெயர்ந்தால், அது ஷாடி ஒர்க். அதை யூஸ்லெஸ் ரோடு என்று புகார் மனுவில் எழுதினால் சாலையே தேவையில்லை என்பதுபோல ஆகிவிடும். ஒப்பந்தக்காரரின் குற்றம் சொல்லில் வராது.

செல்லாக்காசுக்கும் ஆங்கிலத்தில் ஓர் இணை உண்டு. அமெரிக்க விடுதலைப் போரின்போது 1775 முதல் அந்நாட்டுக் காங்கிரஸ் அச்சிட்ட காகிதப் பணத்தின் பெயர் கான்டினென்டல். அளவுக்கு மீறி அச்சிட்டதால் அதன் மதிப்பு சரிந்தது. 'நாட் வொர்த் எ கான்டினென்டல்' என்ற வழக்கு பிறந்தது. படிக்கும்போது புரிந்துகொள்ளுங்கள், எழுத வேண்டாம்; இன்று அது வழக்கொழிந்துவிட்டது. சல்லிக்காசு பெறாது என்று ஆங்கிலத்தில் சொல்ல 'நாட் வொர்த் எ பென்னி' போதும்.